எவரெஸ்டிலிருந்து நெய்யூருக்கு

தக்கலையிலிருந்து குளச்சலுக்குச் செல்லும் வழியில் நெய்யூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. தென்னையும் வாழையும் மரவள்ளியும் செழித்த ஊர். வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகள் தெரியும். தெற்கே சில மைல் தொலைவில் கடல். பனி என்றால், மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிதான் அவ்வூராருக்குத் தெரியும். அந்த ஊர் மருத்துவமனையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய ஒருவர், எவரெஸ்டு மலையில் ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரை, பிராணவாயுக் குப்பியின் துணையின்றி ஏறியவர். தியோடர் ஹோவர்டு சோமர்வெல் என்பது அவர் பெயர். அவர் எவ்வாறு ஏறினார் என்பதைக் காட்டிலும், ஏறிய மலையிலிருந்து எதை நோக்கி இறங்கி வந்தார் என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

மலைக்குப் போகிறவன் துறவி, மனையில் இருப்பவன் இல்லறத்தான் என்று பிரித்துப் பேசுவது நம்மிடையே ஒரு வழக்கம். நடைமுறையில் அவை அவ்வாறு பிரிந்து கிடக்கவில்லை. பழனி மலையின் படிகளில் கைக்குழந்தையோடு ஏறும் குடும்பங்களை நாம் காண்கிறோம். தவக்காலத்தில் கேரளத்து மலையாற்றூர்க் குன்றின்மேல் மரச்சிலுவையைத் தோளில் சுமந்துகொண்டு பெற்றோரும் மக்களும் சேர்ந்து ஏறுகிறார்கள். ஆனால் இவை, காலையில் ஏறி மாலைக்குள் வீடு திரும்பக்கூடிய மலைகள். உயிரைப் பணயம் வைத்து ஏறும் மலை வேறு. அங்கே செல்பவனுக்கு மனைவி மக்கள் இருந்தால் அவர்களுக்கு அவன் என்ன விடை சொல்வான்? அவனுடைய மூட்டையைச் சுமந்து வருபவனுக்கும் ஒரு வீடு உண்டே. அவ்வீட்டாருக்கு என்ன விடை? கிறிஸ்தவ நம்பிக்கையில் ஊன்றி நின்ற ஒருவர் இக்கேள்விகளை நேருக்கு நேர் சந்தித்த வரலாறே சோமர்வெல்லின் வரலாறு.

அவர் 1890ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். அவர் குடும்பத்தார் காலணித் தொழிற்சாலை நடத்திய செல்வர். சமயப் பற்று மிக்கவர். கெண்டலை அடுத்து ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த ஒரு வட்டாரம் உண்டு. அக்குன்றுகள் உயரத்தில் நம் ஏற்காட்டுக்கும் குறைந்தவையே. ஆயினும் பாறையும் மழையும் மூடுபனியும் கூடி, ஏறுபவரை நன்கு பழக்கிவிடும். இளமையிலேயே அவர் அங்கே மலையேறக் கற்றார். பதினெட்டாம் வயதில் மலையேறுவோர் சங்கத்தில் சேர்ந்தார். தம்பியோடு சேர்ந்து பல பாறைகளில் ஏறினார். கேம்பிரிட்ஜில் அறிவியல் பயின்று முதல் வகுப்பில் தேறி, பிறகு இலண்டனில் அறுவை மருத்துவம் கற்றார்.

கற்றுக்கொண்டிருந்தபோதே முதல் உலகப் போர் மூண்டது. 1916ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரான்சு நாட்டில் சோம் ஆற்றங்கரைப் போர் தொடங்கியபோது, அவர் போர்முனைக்குப் பின்னால் இருந்த ஒரு மருத்துவக் கூடாரத்தில் பணியில் இருந்தார். காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். கூடாரத்துக்குள் இடம் இல்லை. வெளியே ஏக்கர் கணக்கான நிலத்தில் தூக்குப் படுக்கைகளை வரிசையாக இட்டிருந்தார்கள். பிழைக்கக்கூடியவர் யார், இனிப் பயனில்லை என்று விடவேண்டியவர் யார் என்று அந்த வரிசைகளுக்கிடையே நடந்து மருத்துவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தம்மை முதலில் கவனிக்கும்படி அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை என்பதைப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். போரை வெறுப்பவராகவே அவர் திரும்பி வந்தார். காத்திருப்போர் வரிசை என்பது அவர் வாழ்க்கையில் மீண்டும் ஒருமுறை வரும். அதனாலேயே இதனைச் சற்று விரித்துச் சொன்னேன்.

1922ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் எவரெஸ்டின் உச்சியை அடைய முதன்முதலாக முயன்றனர். அக்குழுவில் சோமர்வெல்லுக்கு இடம் கிடைத்தது. ஜார்ஜ் மாலரி என்னும் பள்ளி ஆசிரியர் அவருக்கு உற்ற நண்பரானார். இருவரும் பாதிரிமார் பேசும் பொருளையெல்லாம் பேசினர். இரவில் கூடாரத்தில் ஷேக்ஸ்பியரை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினர். மே மாதம் 21ஆம் நாள் மாலரி, நார்ட்டன், சோமர்வெல் ஆகிய மூவரும் 26,985 அடி உயரத்தை எட்டினர். அதுவரை மனிதர் எவரும் அவ்வளவு உயரத்துக்கு நடந்து சென்றதில்லை.

அத்தோடு இறங்கியிருக்கலாம். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, புதுப்பனி பெய்திருந்தது. எனினும் இன்னொரு முறை முயல்வது என்று முடிவு செய்யப்பட்டது. ஜூன் 7ஆம் நாள் மாலரி, சோமர்வெல், கிராஃபோர்டு ஆகிய மூன்று ஆங்கிலேயரும், சுமை தூக்கும் பதினான்கு பேரும் கயிற்றால் பிணைக்கப்பட்டுப் பனிச்சரிவில் ஏறிக்கொண்டிருந்தனர். நண்பகல் கடந்த வேளையில் அவர்களுக்கு மேலிருந்த பனி வெடித்துச் சரிந்தது. ஆங்கிலேயர் மூவரும் தப்பினர். சுமை தூக்கியவர்களில் ஒன்பது பேரைச் சரிவு அடித்துச் சென்று பனிப்பிளவுக்குள் தள்ளியது. தோண்டியெடுத்ததில் இருவரே உயிரோடு இருந்தனர், எழுவர் மாண்டனர்.

மலையேற்ற நூல்கள் பலவும் இந்நிகழ்ச்சியை ஒரு பத்தியில் கூறிவிட்டுக் கடந்து செல்லும். சோமர்வெல்லால் அவ்வாறு கடக்க இயலவில்லை. மாண்டவர்கள் எழுவரும் சுமை தூக்கியவர்கள். அவர்களில் ஓர் ஆங்கிலேயனும் இல்லாமற் போயிற்றே, தானும் அவர்களோடு அப்பனியில் கிடந்திருந்தால் இழப்பில் பங்கு கொண்டோம் என்றாவது எஞ்சியவர்களுக்குத் தோன்றியிருக்குமே என்ற எண்ணம் அவரை வருத்தியது. இதை அவர் தம் நூலில் மறைக்காமல் எழுதினார். உச்சிக்கு ஏற வேண்டும் என்ற ஆசை ஆங்கிலேயருடையது. பனியின் நிலையை எடைபோட்டு, ஏறலாம் என்று முடிவு செய்தவர்களும் அவர்களே. விலை கொடுத்தது வேறு குடும்பங்கள். தன் அயலான் யார் என்ற வினா கிறிஸ்தவ சமயத்தின் நடுவிலே நிற்பது. அவ்வினா ஜெபக்கூடத்தில் எழாமல் 23,000 அடி உயரத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு பனிப்பிளவின் ஓரத்தில் அவர் முன் எழுந்தது.

அதன்பின் அவர் உடனே ஊர் திரும்பவில்லை. இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கு நோக்கி வந்தார். அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூருக்கும் வந்தார். இலண்டன் மிஷன் சங்கத்தார் அங்கே 1838ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தனர். அவர் வந்தபோது டாக்டர் பியூ என்பவர் ஒருவரே பெருங்கூட்டத்துக்கு அறுவை மருத்துவம் செய்து திணறிக்கொண்டிருந்தார். மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் நோயாளிகள். ஒவ்வொரு நோயாளியோடும் ஒரு குடும்பம். நம் நாட்டில் நோயாளி தனியே மருத்துவமனைக்கு வருவதில்லை அன்றோ? மனைவியும் தாயும் குழந்தைகளும் சட்டி பானையோடு உடன் வருவார்கள். சோம் ஆற்றங்கரையில் கண்ட வரிசையைச் சோமர்வெல் மீண்டும் கண்டார். அங்கே மனிதர் மனிதரைப் பிளந்து போட்டிருந்தனர். இங்கே வறுமையும் நோயும் அவ்வேலையைச் செய்திருந்தன. அவர் கையுறையை மாட்டிக்கொண்டு டாக்டர் பியூவுக்கு உதவினார்.

சுவிசேஷத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. இயேசு தம் சீடர் மூவரை அழைத்துக்கொண்டு உயர்ந்த மலை ஒன்றின்மேல் ஏறுகிறார். அங்கே அவருடைய முகம் கதிரவனைப் போல் ஒளி வீசுகிறது. அதில் தம்மை மறந்த பேதுரு, இங்கேயே மூன்று கூடாரங்கள் போட்டுவிடலாம் என்கிறார். கூடாரம் போடவில்லை, இறங்கி வருகிறார்கள். அடிவாரத்தில் ஒரு தந்தை, வலிப்பு நோயால் துன்புறும் தம் மகனோடு காத்து நிற்கிறார். மலையில் கண்ட ஒளி பொய்யென்று சுவிசேஷம் கூறவில்லை. அது தங்குமிடம் அன்று என்றே கூறுகிறது. கிறிஸ்தவ மரபு மலையைக் காணும் பார்வை இதில் அடங்கியிருக்கிறது. நெய்யூரில் சோமர்வெல் கண்டதும் ஏறத்தாழ இதே காட்சிதான். இலண்டனில் அவர் பயின்ற பெரிய மருத்துவமனையில் பெருமையும் வருவாயும் தரும் பதவி அவருக்குக் காத்திருந்தது. அதனை வேண்டாமென்று சொல்லிவிட்டு நெய்யூரைத் தேர்ந்துகொண்டார்.

அவ்வாறாயின் மலையை விட்டுவிட்டாரா? இல்லை. 1924ஆம் ஆண்டு மூன்றாம் எவரெஸ்டுக் குழுவில் சேரத் தெற்கிலிருந்தே புறப்பட்டுச் சென்றார். மாணவ நண்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துறப்பதே பக்தி என்று அவர் எண்ணவில்லை. மலையின்பால் தமக்கிருந்த காதலும் இறைவன் தந்ததே என்று எண்ணினார். ஆனால் எதற்கு எந்த இடம் என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. அது அவ்வாண்டு மே மாதத்திலேயே வெளிப்பட்டது.

பனிப்புயலில் சிக்கி ஷெர்ப்பாக்கள் நால்வர் வடமுகட்டில் இருந்த உயரமான முகாமில் தங்கிப்போனார்கள். இறங்கும் வழி உறைந்து கண்ணாடி போல் இருந்தது. நார்ட்டன், மாலரி, சோமர்வெல் மூவரும் உடல்நலம் குன்றியிருந்தும் அவர்களை மீட்க ஏறினர். அபாயமான சரிவின் குறுக்கே சோமர்வெல் முன் சென்றார். மற்ற இருவரும் பின்னால் நின்று அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டனர். நால்வரையும் எட்டுவதற்குச் சில கஜங்கள் இருக்கும்போது கயிறு முடிந்துவிட்டது. இருவர் அந்த இடைவெளியைத் தட்டுத் தடுமாறிக் கடந்து வந்தார்கள். கடைசி இருவரும் ஒன்றாகச் சறுக்கிப் பள்ளத்தை நோக்கிச் சென்று, சிறிது தூரத்தில் எப்படியோ நின்றார்கள். சோமர்வெல் தம் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்தார்; பனிக்கோடரியைப் பனியில் ஆழ ஊன்றி அதில் கயிற்றைச் சுற்றினார்; கயிற்றின் நுனியை ஒரு கையில் பற்றிக்கொண்டு, மற்றொரு கையை நீட்டி அவர்களை ஒருவர் பின் ஒருவராகப் பிடரிச் சட்டையைப் பிடித்து இழுத்துக் காத்தார். உச்சிக்கென்று சேர்த்து வைத்திருந்த வலிமையை அவர்கள் அன்று செலவிட்டுவிட்டார்கள் என்பதை மலையேற்றம் அறிந்தவர் எவரும் ஒப்புக்கொள்வர். 1922இல் எழுந்த வினாவுக்கு அவர் தந்த விடை அது.

பதினொரு நாள் கழித்து, ஜூன் 4ஆம் நாள், நார்ட்டனும் அவரும் உச்சியை நோக்கிச் சென்றனர். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கே. ஓர் அடி எடுத்து வைக்க ஏழெட்டு முறை மூச்சு வாங்க வேண்டும். மூச்சோ வறண்ட, உறையும் காற்று; அது தொண்டையை உள்ளிருந்து புண்ணாக்கும். ஏறத்தாழ 28,000 அடியில் சோமர்வெல் நின்றுவிட்டார். என்னால் இயலாது, நீங்கள் செல்லுங்கள் என்று தோழரை அனுப்பினார். நார்ட்டன் 28,126 அடி வரை சென்று திரும்பினார். எவரெஸ்டின் உயரம் இன்றைய அளவையில் 29,032 அடி.

இறங்கும்போது பொழுது சாய்ந்தது. முன்னே நார்ட்டன், பின்னே சோமர்வெல். இருமல் வந்தது, தொண்டையில் ஏதோ அடைத்தது, மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. குரல் கொடுக்க முடியவில்லை. தோழர் ஓவியம் தீட்டுவதற்காக நின்றிருக்கிறார் என்று எண்ணி நார்ட்டன் நடந்துகொண்டே இருந்தார். பனியில் உட்கார்ந்து இறப்பை எதிர்நோக்கிய சோமர்வெல், கடைசி முயற்சியாக இரு கைகளாலும் தம் மார்பை இறுக அழுத்தினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது. குளிரால் கருகி உரிந்த தொண்டையின் உட்சவ்வே அது. சிறிது இரத்தம் வந்தது; வலி பொறுக்க முடியாததாக இருந்தது; ஆனால் மூச்சு வந்தது. எழுந்து நடந்தார்.

அடுத்த முயற்சிக்குப் புறப்பட்ட மாலரிக்குத் தம் சிறிய புகைப்படக் கருவியை அவர் கொடுத்தனுப்பினார். ஜூன் 8ஆம் நாள் மாலரியும், இருபத்திரண்டு வயதே ஆன இர்வினும் மேகத்துக்குள் மறைந்தனர். மாலரி ஒரு பாதிரியாரின் மகன். ரூத் என்னும் மனைவிக்குக் கணவர். எட்டு வயதும் ஆறு வயதும் மூன்று வயதுமான மூன்று குழந்தைகளுக்குத் தந்தை. அவருடைய உடல் 1999ஆம் ஆண்டு மே மாதம் கண்டெடுக்கப்பட்டது. மாலரி செய்தது தவறென்று நான் தீர்ப்புக் கூற வரவில்லை. சோமர்வெல்லும் தம் நண்பரைக் குறை கூறவில்லை. ஆனால் மூன்று குழந்தைகளின் வயதை நினையாமல் அந்த வரலாற்றை வீர வரலாறாக மட்டும் படிப்பது முழுமையாகாது. மூன்று எவரெஸ்டுக் குழுக்களிலும் மாண்டவர்களுக்கு நினைவுக் கற்குவியல் எழுப்பும் வேலையைச் சோமர்வெல் முன்னின்று செய்தார். ஆங்கிலேயர் பெயர்களோடு 1922இல் மாண்டவர்களையும் சேர்த்தே அது நினைவுகூர்ந்தது.

1925ஆம் ஆண்டில் அவர் மார்கரெட் ஹோப் சிம்சன் என்பாரை மணந்தார். அவர்களுக்கு ஆண்மக்கள் மூவர் பிறந்தனர். அதன்பின் சோமர்வெல் எவரெஸ்டுக்குச் செல்லவில்லை. இமயத்தை மறந்தார் என்பதன்று. விடுமுறையில் நந்தாதேவிப் பக்கம் சென்றதுண்டு, ஓவியங்கள் தீட்டியதுண்டு. ஆனால் ஆறு மாதம் வீட்டையும் நோயாளிகளையும் விட்டு, திரும்புவோமா என்ற ஐயத்தோடு செல்லும் பயணம் அவர் வாழ்வில் அதன்பின் இல்லை.

அக்காலத்தில் தென்னாட்டில் வாழ்ந்த மிஷனரிக் குடும்பங்களுக்கு மலை என்பது விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. சமவெளியில் காலராவும் காய்ச்சலும் அவர்களுடைய குழந்தைகளையும் தாய்மாரையும் கொள்ளை கொண்டன. அதனாலேயே மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845ஆம் ஆண்டில் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். கோடையில் குடும்பம் குடும்பமாக மலையேறி, சோலைக் காடுகளில் நடந்து, கூடாரமடித்துத் தங்கி, மாலையில் கூடி ஜெபித்து, கீழே இறங்கும்போது மீண்டும் ஓராண்டு உழைக்கும் வலிமையோடு இறங்கினார்கள். கொடைக்கானலை இன்று தேனிலவுக்கும் சுற்றுலாவுக்கும் உரிய ஊராக மட்டுமே அறிந்தவர்கள், அது குழந்தைகளைப் பிழைக்க வைப்பதற்காகத் தோன்றிய ஊர் என்பதை அறிந்தால் வியப்படைவார்கள்.

நெய்யூரில் சோமர்வெல்லின் வேலை பெரும்பாலும் வயிற்றைப் பற்றியது. திருவிதாங்கூரில் ஏழைகளின் உணவு மரவள்ளிக் கிழங்கு. அவ்வட்டாரத்தில் சிறுகுடலின் தொடக்கத்தில் உண்டாகும் புண் மிகுதி. வலியால் மடிந்துகொண்டு வரும் உழவர்களுக்கு அவர் ஆயிரக்கணக்கில் அறுவை செய்தார். அந்நோயைப் பற்றி உடன் பணியாற்றிய டாக்டர் ஆர் என்பாரோடு சேர்ந்து 1936இல் ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதினார். வெற்றிலையோடு புகையிலையும் மெல்லும் வழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை டாக்டர் ஆர் ஆராய்ந்ததும் இதே நெய்யூரில்தான். ஒரு நோயாளி பிழைத்தால் ஒரு குடும்பம் பிழைக்கிறது என்பது, அந்தத் தாழ்வாரத்தில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவற்றுக்கிடையே அவர் இசையையும் விடவில்லை. திபெத்தில் கேட்ட நாட்டுப் பாடல்களின் மெட்டுகளைக் குறித்துக்கொண்டு வந்தார். 1924ஆம் ஆண்டுப் பயணத்தைப் பற்றிய திரைப்படத்தின் இசையில் அவை பயன்பட்டன. அவர் தீட்டிய மலை ஓவியங்கள் நூற்றுக்கணக்கானவை. இவ்வளவுக்கும் நேரம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கத் தோன்றும்.

1949ஆம் ஆண்டில் அவர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவப் பேராசிரியராகச் சென்றார். நாடு விடுதலை பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தாம் ஒருவர் அறுவை செய்வதை விட, இந்நாட்டு இளைஞர் பலருக்கு அக்கலையைக் கற்றுத் தருவதே அக்காலத்துக்கு ஏற்ற பணியாயிற்று. 1961இல் மனைவியோடு இங்கிலாந்து திரும்பி, தாம் இளமையில் ஏறிய குன்றுகளின் அடியில் ஆம்பிள்சைடு என்னும் ஊரில் வாழ்ந்தார். ஆங்கிலேய மலையேற்றச் சங்கமாகிய ஆல்பைன் சங்கம், மறு ஆண்டு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1975ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார்.

கேரள எல்லையில் காரக்கோணம் என்னும் இடத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நெய்யூர் மருத்துவமனையும் நடைபெற்றுக்கொண்டிருக்கிறது. புற்றுநோய்க்கு அங்கே தனியே ஒரு நிலையம் உண்டு. அவர் மாலரிக்குக் கொடுத்த புகைப்படக் கருவியை, எவரெஸ்டுக்குச் செல்வோர் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.